ராக் பேண்டுக்கு வீட்டு ரெக்கார்டிங்: ட்ரம்ஸை எங்கே அடிப்பது என்று முடிவு செய்தபின் பர்ஸைத் திறங்கள்

எங்கள் பேண்டில் நாலு பேர்: ட்ரம்ஸ், பேஸ், கிட்டார், பாட்டு. முதல் தடவை ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு, இரண்டு மைக் செருகக்கூடிய ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக் சத்தத்தைக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும் பெட்டி) ஒன்றும், ஆன்லைனில் பார்த்த பளபளப்பான கண்டென்சர் மைக் (நுட்பமான சத்தத்தையும் பிடிக்கும் வகை) ஒன்றும் வாங்கினோம். பெட்டியைப் பிரித்து, மேஜையில் அடுக்கி, ஆளாளுக்கு போட்டோ எடுத்து முடித்த பிறகு ட்ரம்மர் கேட்டான்: "சரி, என் செட்டுக்கு எத்தனை மைக்டா வைக்கப் போறீங்க?" அன்றைக்கு யாரிடமும் பதில் இல்லை. ஆறே மாதத்தில் அந்த இன்டர்ஃபேஸை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு வேறு வாங்கினோம்.

நாங்கள் முதலிலேயே எந்த வரிசையில் யோசித்திருக்க வேண்டுமோ, அந்த வரிசையில் இதை எழுதுகிறேன். சென்னையில் மொட்டைமாடி அறை ஒன்றில் ரெக்கார்ட் செய்கிற ஆள் நான். அதனால் வெயில், கரண்ட், பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் எல்லாம் கூடவே வரும்.

படி 1: ட்ரம்ஸ் எங்கே?

கிட்டார், பேஸ், குரல் மூன்றையும் வேறு வேறு நாளில், ஒவ்வொன்றாகப் பதிவு செய்யலாம். எந்த நேரத்திலும் ஒன்றிரண்டு மைக்குக்கு மேல் தேவைப்படாது. ட்ரம்ஸ் மட்டும்தான் ஒரே நேரத்தில் நாலு, ஆறு, எட்டு மைக் கேட்கும். ஆகவே இன்டர்ஃபேஸ், மைக், ஸ்டாண்ட், கேபிள், அறை என்று மொத்த பட்ஜெட்டையும் அந்த ஒரு வாத்தியமே நிர்ணயிக்கிறது.

முதல் வழி, ட்ரம்ஸை வெளியே அடித்துக்கொண்டு வருவது. ஜாம் ரூம்களிலும் சவுண்ட் சர்வீஸ்காரர்களிடமும் பெஹ்ரிங்கர் எக்ஸ்32 டிஜிட்டல் மிக்ஸர் சாதாரணமாகப் புழங்குகிறது. அதன் யூஎஸ்பி கார்டில் ஒரே ஒரு கேபிளைச் செருகி லேப்டாப்போடு இணைத்தால் 32 சேனலும் தனித்தனி ட்ராக்காக வந்துவிடும். அதற்குத் தம்பி மாதிரியான எக்ஸ்ஆர்18 இருந்தால் 18 சேனல் வரும். போகும் முன்பே லேப்டாப்பில் அதற்கான டிரைவரை ஏற்றிக்கொள்ளுங்கள். "மல்ட்டி ட்ராக்காக வேணும் அண்ணே" என்று புக் செய்யும்போதே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் எல்லாம் ஒன்றாகக் கலந்த ஸ்டீரியோ ஃபைல் ஒன்றைப் பென்டிரைவில் போட்டுக் கையில் கொடுத்துவிடுவார்கள். அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. ஒரு நாள் வாடகையில் ஐந்து பாட்டுக்கான ட்ரம்ஸை முடிக்கலாம், ட்ரம்மர் பயிற்சி எடுத்துவிட்டு வந்தால்.

இரண்டாவது வழி, வீட்டிலேயே நிஜ ட்ரம்ஸ். இதற்குக் குறைந்தது நாலு மைக் இன்புட் உள்ள இன்டர்ஃபேஸ் வேண்டும். சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளும் அக்கம்பக்கமும் வேண்டும். இரண்டாவதை எந்தக் கடையிலும் விற்பதில்லை. மூன்றாவது வழி எலக்ட்ரானிக் கிட். அடிப்பதை மிடியாக, அதாவது சத்தமாக அல்லாமல் எப்போது எவ்வளவு பலமாக அடித்தீர்கள் என்ற குறிப்பாகப் பதிந்துகொண்டு, சாஃப்ட்வேர் ட்ரம்ஸ் சத்தத்தைப் பிறகு பொருத்துவது. பேட் சத்தம் குறைவுதான். ஆனால் கிக் பெடலின் 'தொம் தொம்' தரை வழியாகக் கீழ்வீட்டுக்குப் போகும், அதை மறந்துவிட வேண்டாம்.

முதல் தடவை ரெக்கார்ட் செய்கிற பேண்ட் என்றால் என் ஓட்டு முதல் வழிக்குத்தான். மிச்சமாகும் பணத்தில் மற்ற மூன்றையும் வீட்டில் நிதானமாக, நன்றாகச் செய்யலாம்.

படி 2: நூறு ரூபாயைப் பங்கு போடுவது

விலை மாதத்துக்கு மாதம் மாறுகிறது, அதனால் பங்காகச் சொல்கிறேன். ட்ரம்ஸை வெளியே அடிப்பதாக இருந்தால் நூறில் 25 இன்டர்ஃபேஸுக்கு, 20 மைக்குக்கு, 15 ஹெட்ஃபோனுக்கு, 15 அறைக்கு, 10 கேபிளுக்கும் ஸ்டாண்டுக்கும். மிச்சம் 15 ஸ்டுடியோ வாடகைக்கும், புது ஸ்ட்ரிங், புது ட்ரம் ஹெட் ஆகியவற்றுக்கும். வீட்டிலேயே ட்ரம்ஸ் என்றால் இன்டர்ஃபேஸும் மைக்கும் சேர்ந்து 65ஐத் தொட்டுவிடும். ஹெட்ஃபோனும் அறையும் பட்டினி கிடக்கும்.

இந்தக் கணக்கில் ஸ்பீக்கர் இல்லை என்று கவனித்திருப்பீர்கள். வேண்டுமென்றேதான் விட்டேன், காரணம் பின்னால் வருகிறது.

கேபிள், ஸ்டாண்ட் விஷயத்தில் எங்கள் கதை சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். மைக் வாங்கிய கையோடு எக்ஸ்எல்ஆர் கேபிள் (மைக்குக்கான மூன்று முள் கேபிள்), பூம் ஸ்டாண்ட் (நீட்டக்கூடிய கை உள்ளது), பாப் ஃபில்டர் (வாய்க்காற்று மைக்கில் மோதாமல் தடுக்கும் வலை) என்று பில் ஏறிக்கொண்டே போனது. சால்டரிங் தெரிந்த நண்பன் இருந்தால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் மீட்டர் கணக்கில் ஷீல்டு கேபிளும் நல்ல கனெக்டர்களும் வாங்கி வந்து நீங்களே செய்துகொள்ளலாம். ஸ்டாண்டில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பூம் கையை நீட்டியதும் அடி சாய்கிற ஸ்டாண்ட், என்றைக்காவது ஒரு நாள் மைக்கோடு சிம்பல் மேல் விழும்.

படி 3: இன்டர்ஃபேஸ், பெயரில் உள்ள எண்ணை நம்பாதீர்கள்

இன்டர்ஃபேஸ் என்பது மைக்கிலிருந்து வரும் மெல்லிய சிக்னலைப் பெரிதாக்கி, டிஜிட்டலாக்கி, யூஎஸ்பி வழியாகக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும் பெட்டி. அதன் பெயரில் உள்ள எண்கள் பலரைக் கவிழ்த்திருக்கின்றன. மூன்றாம் தலைமுறை ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 18ஐ8 என்ற பெயரில் 18 இருக்கிறது. ஆனால் மைக் ப்ரீஆம்ப் (மைக் சிக்னலைப் பெரிதாக்கும் பகுதி) நாலுதான். மீதி லைன் இன்புட்டும் டிஜிட்டல் இன்புட்டும். 18ஐ20 வாங்கினால் எட்டு. கடையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: "ஒரே நேரத்துல எத்தனை எக்ஸ்எல்ஆர் மைக் போடலாம்?"

ட்ரம்ஸ் வெளியே என்றால் இரண்டு ப்ரீஆம்ப் போதும். ஸ்கார்லெட் 2ஐ2 வகை எதுவும் சரி. வீட்டில் நாலு மைக் ட்ரம்ஸ் என்றால் பெஹ்ரிங்கர் யூஎம்சி404எச்டி குறைந்த செலவில் அந்த வேலையைச் செய்யும். எட்டு வேண்டுமென்றால் அதே கம்பெனியின் யூஎம்சி1820. இதில் ஒரு சௌகரியம், ஏடாட் என்ற ஆப்டிகல் துளை இருக்கிறது. 48 கிலோஹெர்ட்ஸில் அது இன்னும் எட்டு சேனல் வாங்கிக்கொள்ளும். பின்னாளில் ஏடிஏ8200 மாதிரி எட்டு ப்ரீஆம்ப் பெட்டி ஒன்றைச் சேர்த்தால் மொத்தம் பதினாறு மைக். இன்டர்ஃபேஸை மாற்ற வேண்டியதில்லை.

பார்க்க வேண்டியவை இன்னும் மூன்று. கண்டென்சர் மைக்குக்கான 48 வோல்ட் ஃபேன்டம் பவர். கிட்டாரை நேரடியாகச் செருக 'இன்ஸ்ட்ருமென்ட்' அல்லது 'ஹை-ஸீ' இன்புட். கம்ப்யூட்டருக்குப் போய்த் திரும்பும் தாமதம் இல்லாமல் உங்கள் குரலை நீங்களே கேட்க டைரக்ட் மானிட்டர் வசதி.

செகண்ட்ஹேண்டில் வாங்கினால் ஒரு மைக்கையும் கேபிளையும் எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு இன்புட்டிலும் செருகிப் பாருங்கள். உங்கள் விண்டோஸ் அல்லது மேக் பதிப்புக்கு டிரைவர் இன்னும் கிடைக்கிறதா என்பதை விற்பவரின் வீட்டுக்குக் கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள்.

படி 4: முதல் மைக்

ஷ்யூர் எஸ்எம்57. 1965இல் வந்த டைனமிக் மைக் (ஃபேன்டம் பவர் வேண்டாத, பலமான சத்தம் தாங்கும் வகை), அறுபது வருஷமாக கிட்டார் ஆம்ப் முன்னாலும் ஸ்நேர் மேலும் நிற்கிறது. இங்கே பத்தாயிரம் ரூபாய் அளவில் கிடைக்கிறது. மறுபடி விற்றாலும் பெரிய நஷ்டம் வராது. பாட்டுக்கு அதன் அண்ணன் தம்பி முறையான எஸ்எம்58, 1966இல் வந்தது. பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் 57ஐ வாங்கி, பாடும்போது முன்னால் பாப் ஃபில்டர் வைத்துக்கொள்ளுங்கள். ராக் குரலுக்குத் தாராளமாகப் போதும்.

'ஸ்டுடியோ என்றால் கண்டென்சர்' என்ற நினைப்பில்தான் நாங்கள் ஏமாந்தோம். கண்டென்சர் நுட்பமானது என்பது உண்மை. அந்த நுட்பம் எல்லாவற்றையும் பிடிக்கும். எங்கள் முதல் பாட்டின் குரல் ட்ராக்கில் இரண்டாவது சரணத்துக்கு நடுவே கீழ்வீட்டுக் குக்கர் மூன்று விசில் அடிக்கும். தெருவில் போன ஆட்டோவின் ஹாரன் ஒரு இடத்தில் ஏறக்குறைய ஸ்ருதியோடு சேர்ந்திருந்தது, அதை அப்படியே விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தோம். வெறும் சுவர் அறையில், வாய்க்கு நாலு விரல் தள்ளி வைத்த டைனமிக் மைக், இந்த வெளிச் சத்தங்களையும் சுவர் எதிரொலியையும் எவ்வளவோ குறைத்துத் தரும்.

பாட்காஸ்ட்காரர்கள் எல்லோரும் வைத்திருக்கும் எஸ்எம்7பி மேல் ஆசை வரும். அது மிக மெல்லிய சிக்னல் தரும் மைக், 60 டெசிபெல் அளவுக்கு கெயின் (சிக்னலைப் பெரிதாக்குவது) கேட்கும். விலை குறைந்த இன்டர்ஃபேஸ் அங்கே மூச்சு வாங்கும், கூடவே இரைச்சலும் வரும். முதல் சுற்றில் வேண்டாம்.

57, 58 இரண்டிலும் போலிகள் ஏராளம். விலை பாதியாக இருந்தால் சந்தேகப்படுங்கள். ஒரு எளிய சோதனை: நிஜ 57இன் எடை 284 கிராம், 58இன் எடை 298 கிராம். போலி பெரும்பாலும் லேசாக இருக்கும். செகண்ட்ஹேண்டில் 57 வாங்கப் போன அன்று நாங்கள் பக்கத்து மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தோம். கடைக்கார அண்ணாச்சி, "கிலோ என்ன விலை தம்பி?" என்றார். எடை சரியாக இருந்துவிட்டால் அசல் என்று ஆகிவிடாது. எடை குறைந்தால் மட்டும் திரும்பிப் பார்க்காமல் நடையைக் கட்டலாம்.

படி 5: கிட்டாரும் பேஸும்

ஆம்பின் முன் துணியை ஒட்டி மைக்கை வைக்கிறோம் என்றால், எந்த இடத்தில் என்பதுதான் வேலை. செல்ஃபோன் டார்ச்சை துணி மேல் அடித்துப் பாருங்கள், உள்ளே ஸ்பீக்கரின் வட்டமும் நடுவில் குமிழும் தெரியும். குமிழுக்கு நேராக வைத்தால் காதைக் கீறும் கூர்மை. வெளி ஓரத்துக்கு நகர்த்தினால் கம்பளி போர்த்திய மாதிரி மந்தம். குமிழும் கூம்பும் சேரும் விளிம்பில் ஆரம்பியுங்கள். ஒருவர் ஒரே ரிஃபைத் திரும்பத் திரும்ப வாசிக்க, இன்னொருவர் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு மைக்கை அரை அங்குலம் அரை அங்குலமாக நகர்த்தட்டும். 'இதுதான்' என்று தோன்றும் இடத்தில் துணிமேல் சின்ன மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். நாளைக்கு அதே சத்தம் வேண்டுமென்றால் அந்த டேப்தான் கைகொடுக்கும். பிளக்-இன்னுக்குச் செலவழிக்கும் முன் இந்த அரை மணி நேரத்தைச் செலவழியுங்கள்.

டிஸ்டார்ஷனை ஜாம் ரூமில் வைப்பதைவிடக் குறைத்து வையுங்கள். மேடையில் நன்றாக இருக்கும் அளவு, ரெக்கார்டிங்கில் தேனீக் கூடு மாதிரி ஆகிவிடும். ஒரே பகுதியை இரண்டு தடவை வாசித்து இடம் வலமாக விரிக்கும்போது, குறைந்த டிஸ்டார்ஷன்தான் பெரிதாகக் கேட்கும்.

ஆம்பைத் திறந்துவிட அக்கம்பக்கம் ஒத்துக்கொள்ளாவிட்டால் கிட்டாரை நேரடியாக இன்டர்ஃபேஸில் செருகி, நியூரல் ஆம்ப் மாடலர் மாதிரி இலவச ஆம்ப் சாஃப்ட்வேரைப் பயன்படுத்தலாம். ராத்திரி ஒரு மணிக்கும் வாசிக்கலாம், யாரும் கதவைத் தட்டமாட்டார்கள். பேஸுக்கு நான் எப்போதும் நேரடி இன்புட்தான். அதற்கு மைக் வாங்காதீர்கள், புது ஸ்ட்ரிங் வாங்குங்கள்.

படி 6: வீட்டிலேயே ட்ரம்ஸ் என்றால், நாலு மைக்

கிக்குக்கு ஒன்று, ஸ்நேருக்கு உங்கள் 57, மேலே இரண்டு ஓவர்ஹெட். கண்டென்சருக்கு உண்மையான வேலை இங்கேதான். சிம்பலின் பளிச்சென்ற ஓசைக்குச் சிறிய டயஃப்ரம் ஜோடி ஒன்று வாங்கலாம். பெஹ்ரிங்கர் சி-2 ஜோடியாகவே விற்கிறது. கிக்குக்கு ஏகேஜி டி112 வகையறா. எஸ்எம்57ஐ அங்கே வைத்தால் 'டக்' வரும், 'தும்' வராது.

ஓவர்ஹெட் வைக்க பிரிட்டிஷ் சவுண்ட் எஞ்சினியர் க்ளின் ஜான்ஸ் பெயரால் வழங்கும் முறையை முயன்று பாருங்கள். ஒரு மைக் ஸ்நேருக்கு மேலே சுமார் 40 அங்குல உயரத்தில், கீழ்நோக்கி. இரண்டாவது ஃப்ளோர் டாம் பக்கவாட்டில், டாமுக்குச் சற்று மேலாக, ஸ்நேரைத் தாண்டி ஹைஹாட் பக்கம் பார்த்து. இரண்டும் ஸ்நேரின் நடுவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும், இதுதான் உயிர். ட்ரம்மரின் அம்மாவிடம் பூக்கட்டும் நூலை வாங்கி, ஒரு முனையை ஸ்நேர் நடுவில் நான் அழுத்திப் பிடிக்க, மறுமுனையை இரண்டு மைக்குக்கும் மாற்றி மாற்றி நீட்டி அளந்தோம். முதல் தடவை அளக்காமல் வைத்ததில் ஒரு அடி வித்தியாசம் வந்திருந்தது. ஒரு அடியைக் கடக்கச் சத்தத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிசெகண்ட் ஆகும். அந்த ஒரு மில்லிசெகண்டில் ஸ்நேரின் உடம்பு கரைந்துபோய் அட்டைப் பெட்டியைத் தட்டிய மாதிரி கேட்டது.

ஸ்நேருக்கும் கிக்குக்கும் பதிவுக்கு முன் புது ஹெட் போடுங்கள். மூன்று வருஷம் அடி வாங்கிய ஹெட்டை எந்த மைக்கும் காப்பாற்றாது.

படி 7: அறை

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். சத்தம் வெளியே போகாமல் தடுப்பது வேறு, உள்ளே எதிரொலிக்காமல் செய்வது வேறு. முதலாவதற்குக் கனமான சுவரும் காற்றுப் புகாத கதவும் வேண்டும். வாடகை வீட்டில் நடக்காத காரியம். ஒரு அங்குல ஃபோமை ஒட்டினாலும் முட்டை அட்டையை ஒட்டினாலும் பக்கத்து வீட்டுக்குப் போகும் சத்தம் குறையாது. முட்டை அட்டை எதிரொலிக்கும்கூடப் பெரிதாக உதவாது. தீப்பிடித்தால் மட்டும் நன்றாக எரியும்.

பத்தடிக்குப் பத்தடி அறை, உயரமும் பத்தடி என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம் குறைவு. எதிரெதிர் சுவருக்கு நடுவே பத்தடி தூரத்தில் சுமார் 57 ஹெர்ட்ஸ் ஓசை தேங்கி நிற்கும். மூன்று பக்கமும் ஒரே அளவு என்றால் மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்து தேங்கும். பேஸ் கிட்டாரின் ஏ ஸ்ட்ரிங் 55 ஹெர்ட்ஸ். அந்த அறையில் ஸ்பீக்கரில் கேட்டால் ஏயும் அதன் பக்கத்து ஸ்வரமும் மட்டும் பூதம் மாதிரி எழும்பும், மற்றவை அடங்கிக் கிடக்கும். பேஸ் அதிகம் என்று நினைத்து மிக்ஸில் குறைப்பீர்கள். காரில் போட்டுக் கேட்டால் பேஸே இருக்காது. பட்ஜெட்டில் ஸ்பீக்கரை நான் விட்டதற்குக் காரணம் இதுதான். நீளமும் அகலமும் வேறு வேறாக உள்ள அறை கிடைத்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

செய்யக்கூடியது: கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தியுள்ள ராக்வூல் (கல்நார் போல் இழை இழையான இன்சுலேஷன்) பலகைகளை இரண்டிரண்டாக அடுக்கி, மரச்சட்டம் அடித்து, காடாத் துணி போர்த்தி மூலைகளில் நிறுத்துவது. ஏசி டக்ட், இன்சுலேஷன் வேலைக்குச் சாமான் விற்கும் கடைகளில் கேளுங்கள். கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் தொடாதீர்கள், இரண்டு நாள் அரிக்கும். அதற்கும் காசில்லை என்றால் இலவம்பஞ்சு மெத்தையைச் சுவரில் சாய்த்து, பாடுபவர் அதற்கு முதுகு காட்டி நிற்கட்டும். துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்தாலும் ஓரளவு பலன் உண்டு.

ஃபேனையும் ஏசியையும் டேக் (ஒரு தடவை வாசித்துப் பதிவது) ஓடும்போது அணைத்தாக வேண்டும். மே மாதத்தில் மொட்டைமாடி அறையில் ஒரு டேக்குக்கு நாலு நிமிஷம் என்பதே பெரிய தவம். நாங்கள் குரலை ராத்திரி பத்துக்கு மேல்தான் எடுக்கிறோம்.

படி 8: கரண்ட்

இதைப் பற்றி வெளிநாட்டு வீடியோக்களில் அவ்வளவாகச் சொல்வதில்லை. ஒரு ஒத்திகையில் எங்கள் பாடகன் கிட்டாரைக் கையில் வைத்துக்கொண்டே மைக்கில் வாயை வைத்ததும் உதட்டில் சுருக்கென்று ஷாக் அடித்தது. ஆம்ப் செருகியிருந்த பிளக் பாயிண்டில் மூன்றாவது துளை பெயருக்குத்தான் இருந்தது, பின்னால் எர்த் ஒயரே இல்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிபார்ப்பதே நீங்கள் செய்ய வேண்டிய முதல் செலவு. 'ம்ம்ம்' என்ற 50 ஹெர்ட்ஸ் இரைச்சலைப் போக்க எர்த் பின்னை உடைத்துவிடச் சொல்லும் யோசனை எங்கிருந்து வந்தாலும் கேட்காதீர்கள். உயிர் போகும் விஷயம் அது.

இரைச்சலைக் குறைக்க வேறு வழிகள் உண்டு. எல்லாக் கருவிகளையும் எர்த் உள்ள ஒரே போர்டிலிருந்து எடுங்கள். டேக் ஓடும்போது லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிடுங்கள். பல நேரம் அத்தோடு முடிந்துவிடும். சிங்கிள் காயில் பிக்கப் உள்ள கிட்டார் என்றால் வாசிப்பவரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பச் சொல்லுங்கள், ஏதாவதொரு திசையில் இரைச்சல் அடங்கும். ஃபேன் ரெகுலேட்டரும் குற்றவாளியாக இருக்கலாம். கரண்ட் போய் ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஓடினால் டீ குடிக்கப் போய்விடுங்கள், அந்த இரைச்சலில் ஒன்றும் பதிய முடியாது.

படி 9: ஹெட்ஃபோன்

பாடும்போது தாளத்துக்கான கிளிக் சத்தம் மைக்குக்குள் கசியக்கூடாது, அதனால் காதை முழுக்க மூடும் வகை. சோனி எம்டிஆர்-7506, ஆடியோ-டெக்னிகா எம்40எக்ஸ் இரண்டில் எது கிடைத்தாலும் சரி. மிக்ஸிங்கும் இதிலேயே செய்யலாம். நாலு பேரும் ஒன்றாகக் கேட்க பெஹ்ரிங்கர் எச்ஏ400 மாதிரி நாலு துளை ஹெட்ஃபோன் ஆம்ப் போதும். ப்ளூடூத் ஹெட்ஃபோனில் தாமதம் இருப்பதால் வாசிக்க முடியாது.

படி 10: கம்ப்யூட்டர்

எஸ்எஸ்டி உள்ள, 8 ஜிபி ரேம் கொண்ட லேப்டாப்பில் வேலை ஓடும், 16 இருந்தால் நிம்மதி. ரெக்கார்டிங் சாஃப்ட்வேர், மேக் வைத்திருந்தால் கராஜ்பேண்ட் இலவசம். விண்டோஸில் ரீப்பர், 60 நாள் முழுதாக முயன்று பார்க்கலாம், தனிநபர் லைசென்ஸ் 60 டாலர். விண்டோஸில் தாமதத்தைக் குறைக்க இன்டர்ஃபேஸ் கம்பெனி தரும் ஏஎஸ்ஐஓ டிரைவரை மறக்காமல் போடுங்கள்.

24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்துவிட்டு அந்தப் பக்கமே போகாதீர்கள். கெயினைத் திருகும்போது அதிகபட்சச் சத்தம் மைனஸ் 10, மைனஸ் 12 டெசிபெலில் நிற்கட்டும். 24 பிட்டில் அடிமட்ட இரைச்சலுக்குப் பயந்து சிவப்பு வரை ஏற்ற வேண்டிய அவசியமே கிடையாது. ட்ரம்மர் சவுண்ட் செக்கில் அடிப்பதைவிடப் பாட்டில் பலமாக அடிப்பான், அதற்கும் இடம் விடுங்கள். பதியும்போது பஃபர் (கம்ப்யூட்டர் ஒரு தடவைக்கு எடுத்துக்கொள்ளும் ஆடியோ அளவு) 128 சாம்பிளில் இருந்தால் ஒரு வழிக்கு 2.7 மில்லிசெகண்ட் தாமதம்தான். மிக்ஸிங்கில் லேப்டாப் திணறினால் 1024க்கு ஏற்றிக்கொள்ளலாம்.

ஒரு மோனோ ட்ராக் நிமிஷத்துக்கு 8.6 எம்பி. எட்டு ட்ராக், ஐந்து நிமிஷப் பாட்டு, பத்து டேக் என்றால் மூன்றரை ஜிபி. அன்றன்றைக்கே எக்ஸ்டர்னல் டிரைவில் ஒரு பிரதி எடுத்து, அதை வேறொருவர் வீட்டில் வையுங்கள்.

கடற்கரை ஊர்க்காரர்களுக்கு மட்டும் இன்னும் ஒன்று. ஈரக்காற்று கண்டென்சர் மைக்கைக் கெடுக்கும். படபடவென்று பொரிகிற சத்தம் வந்தால் அதுதான் காரணம். வேலை முடிந்ததும் மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு போட்டு வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் வாணலியில் லேசாகச் சூடாக்கி மறுபடி பயன்படுத்தலாம். அந்த வாணலியைச் சமையலறைக்குத் திருப்பி அனுப்பாதீர்கள். எங்கள் ட்ரம்மர் சிலிக்கா ஜெல்லுக்குச் சோம்பல்பட்டு மைக்கை அரிசி டப்பாவில் புதைத்து வைத்தான். ஒரு வாரம் கழித்து எடுத்தபோது கிரில் முழுக்கத் தவிட்டுத் தூசி.